கெட்டில் பள்ளத்தாக்குப் பாதை: புதிதாகச் சைக்கிளில் வருவோருக்குப் பத்து அறிவுரைகள்

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், மிட்வே என்ற சிற்றூரிலிருந்து பென்டிக்டன் வழியாக மேற்கு நோக்கி ஒரு ரயில் ஓடியது. 1915 மே 31 அன்று தொடங்கிய கெட்டில் பள்ளத்தாக்கு ரயில்வே அது. பென்டிக்டனுக்குக் கிழக்கே 1973இல் சரக்கு ரயிலும் நின்றுபோனது. சில ஆண்டுகளில் தண்டவாளங்களையும் கழற்றி எடுத்துவிட்டார்கள். மிச்சமிருக்கும் தடம்தான் இன்று நாம் சைக்கிள் ஓட்டும் சரளைப் பாதை. கெட்டில் ஆற்றங்கரை, பைன் காடு, ஒகனாகன் ஏரிக்கு மேலே திராட்சைத் தோட்டங்கள் என்று மூன்றையும் ஒரே பாதை தொட்டுச் செல்வதால் ஆண்டுதோறும் புதியவர்கள் வருகிறார்கள்.

கார் இல்லாத பாதை என்றதும் ஆபத்தே இல்லாத பாதை என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். இடிக்க ஆளில்லை என்பது உண்மை. விழுந்தால் தூக்கவும் ஆளில்லை. கீழே நான் சொல்வதெல்லாம் இந்த இரண்டாவது உண்மையை வைத்துத்தான், பிள்ளைகளே.

1. மேலிருந்து கீழே வாருங்கள். நீராவி எஞ்சின் செங்குத்தாக ஏறாது. அதனால் இந்தத் தடத்தின் ஏற்றத்தை 2.2 சதவீதத்துக்கு மேல் போகவிடாமல் கட்டினார்கள். நூறு மீட்டர் போனால் இரண்டு மீட்டருக்குச் சற்று மேல் உயரும், அவ்வளவே. கண்ணுக்குச் சமதரைபோலத் தெரியும்; முழங்காலுக்குத்தான் உண்மை தெரியும். பென்டிக்டன் ஏறத்தாழ 340 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, இதே தடத்தில் மேலே உள்ள ஷூட் ஏரி 1,200 மீட்டர் அளவில். இடையிலுள்ள சுமார் 40 கிலோமீட்டரில் கால் ஆற இறக்கம் என்று எதுவும் இல்லை. எனவே இந்தப் பகுதியை முதல்முறை ஓட்டுகிறவர்கள் சைக்கிளோடு ஆட்களையும் ஏற்றிப்போகும் வேனில் மேலே போய், அங்கிருந்து ஓட்டிக்கொண்டு இறங்குங்கள்.

2. முதல் நாள் மைரா பள்ளத்தாக்கோடு நில்லுங்கள். மைராவிலிருந்து பென்டிக்டன் வரை ஏறத்தாழ 80 கிலோமீட்டர். அதை ஒரே நாளில் முடிக்கத் துடிக்காதீர்கள். கெலோனா நகருக்கு மேலே உள்ள மைரா பகுதி 12 கிலோமீட்டர்தான், கிட்டத்தட்டச் சமதளம். அதற்குள்ளேயே 18 பாலங்களும் இரண்டு சுரங்கங்களும் வந்துவிடுகின்றன. 2003 ஆகஸ்டில் மின்னலால் மூண்ட காட்டுத்தீ செப்டம்பரில் இங்கே வந்தபோது 12 மரப்பாலங்கள் எரிந்து விழுந்தன. எல்லாவற்றையும் திரும்பக் கட்டி 2008இல் திறந்தார்கள். பாலத்தின் நடுவில் சைக்கிளை நிறுத்திப் படம் எடுக்காதீர்கள். குழந்தைகளும் முதியவர்களும் நடந்து வரும் இடம் அது. கடந்து போய், ஓரமாக நின்று எடுங்கள்.

3. சைக்கிளின் விலையைவிட டயரின் அகலத்தைக் கவனியுங்கள். 40 மில்லிமீட்டருக்குக் குறைந்த டயரோடு வராதீர்கள். 50 இருந்தால் இன்னும் நல்லது. காற்றை இறுக அடைக்கவும் கூடாது. நடுத்தர எடையுள்ளவருக்கு 45 மில்லிமீட்டர் டயரில் 30 முதல் 35 பிஎஸ்ஐ போதும். ஷூட் ஏரிப் பக்கத்தில், காட்டில் ஓட்டும் சிறு நான்கு சக்கர மோட்டார் வண்டிகள் உழுதுபோட்ட மணல் கிடக்கும். ஆம், தடத்தின் சில பகுதிகளில் அந்த வண்டிகள் வரும். சத்தம் கேட்டால் ஒதுங்கி நில்லுங்கள். மணலில் கியரைக் குறைத்து, உடம்பைச் சற்றுப் பின்னால் சாய்த்து, மிதிப்பதை நிறுத்தாமல் போக வேண்டும். கைப்பிடியை இறுக்கிப் பிடித்தால் முன்சக்கரம் புரண்டுவிடும். முன் பிரேக்கைத் தொடவே வேண்டாம். முடியாத இடத்தில் இறங்கித் தள்ளுங்கள். அதில் வெட்கம் எதுவும் இல்லை.

4. நெருஞ்சி முள்ளை மறந்துவிடாதீர்கள். நம் ஊர்த் தரிசு நிலத்தில் காலைக் குத்தும் அதே நெருஞ்சிதான். வெளியிலிருந்து வந்து ஒகனாகனின் காய்ந்த பள்ளத்தாக்கில் பரவி, அங்குள்ள விவசாயிகளுக்கும் தொல்லையாகிவிட்டது. மேலே காட்டில் அது இல்லை. கீழே திராட்சைத் தோட்டங்களை ஒட்டிய பாதையோரங்களில்தான் படர்ந்திருக்கும். சின்ன மஞ்சள் பூவைக் கண்டால் அந்தப் பக்கம் சக்கரத்தை விடாதீர்கள், சைக்கிளை அங்கே கிடத்தவும் செய்யாதீர்கள். பாதையின் நடுவிலேயே ஓட்டுங்கள். டியூப் இல்லாத டயருக்குள் அடைப்புத் திரவம் ஊற்றிக்கொண்டு வருவது நல்ல ஏற்பாடு. டியூப் மாற்ற நேர்ந்தால், புதியதைப் போடுமுன் டயரின் உட்புறத்தை விரலால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். உள்ளே தங்கிய ஒரு முள் இரண்டாவது டியூபையும் வாங்கிவிடும்.

5. தண்ணீரையும் உடுப்பையும் இரண்டு ஊருக்காக எடுங்கள். கீழே பென்டிக்டனில் ஜூலை, ஆகஸ்டில் 35 பாகையைத் தாண்டும் நாட்கள் உண்டு. மேலே மைரா ஏறத்தாழ 1,270 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காலையில் விரல் விறைக்கும். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் வேண்டும். ஓடைத் தண்ணீர் எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும் வடிகட்டாமல் குடிக்காதீர்கள். காற்றைத் தடுக்கும் மெல்லிய மேற்சட்டை ஒன்று பையில் எப்போதும் இருக்கட்டும்.

6. கைபேசியை நம்பிப் புறப்படாதீர்கள். காட்டுப் பகுதியில் நெடுந்தூரம் சிக்னல் கிடைக்காது. வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். எங்கே தொடங்குகிறீர்கள், எத்தனை மணிக்குள் முடிப்பீர்கள் என்று ஊரில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். பம்ப், இரண்டு டியூப், சங்கிலியைக் கழற்றும் கருவி, முதலுதவிப் பொதி ஆகியவை குழுவுக்குப் பொதுவாக அல்ல, ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். குழு பிரிவது இந்தப் பாதையில் சாதாரணம்.

7. புறப்படும் நாளில் பாதை திறந்திருக்கிறதா என்று பாருங்கள். 2021 நவம்பர் பெருமழையில் மேற்குப் பகுதியில் பிரின்ஸ்டன் பக்கமும், கோக்விஹல்லா பள்ளத்தாக்கிலும் தடம் பல இடங்களில் அடித்துச் செல்லப்பட்டது. பாறைச் சரிவு, காட்டுத்தீ, கோடைப் புகை என்று எதற்காகவும் ஒரு பகுதியை மூடுவார்கள். வேலி போட்டிருந்தால் திரும்பிவிடுங்கள், சுற்றிக்கொண்டு நுழையாதீர்கள். சுரங்கத்துக்குள் போகுமுன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி விளக்கைப் போடுங்கள். தரையில் உதிர்ந்த கல் கிடக்கலாம்.

8. விலங்குகளுக்கு உங்கள் வருகையை அறிவியுங்கள். கறுப்புக் கரடி காட்டில் மட்டும் இருப்பதில்லை. திராட்சை பழுக்கும் காலத்தில் தோட்டங்களுக்கும் இறங்கி வரும். சைக்கிள் சத்தமில்லாமல் வேகமாகப் போவதால்தான் திருப்பங்களில் கரடி திடுக்கிடுகிறது. பேசிக்கொண்டே போங்கள், மணியை அடியுங்கள். நாராமாட்டா என்ற ஊருக்கு மேலே காய்ந்த பாறைச் சரிவுகளில் கிலுகிலுப்பைப் பாம்பு உண்டு. உட்காரும் கல்லைப் பார்த்து உட்காருங்கள். பாம்பு கிடந்தால் அது போகும்வரை காத்திருங்கள்; குச்சியால் தள்ளிவிடும் வீரம் வேண்டாம்.

9. தோட்டத்துக்காரரை மதியுங்கள். பென்டிக்டனுக்கும் நாராமாட்டாவுக்கும் இடையே தடம் திராட்சை வரிசைகளுக்குப் பக்கத்திலேயே போகிறது. கைக்கு எட்டுகிறதே என்று ஒரு கொத்தைக்கூடப் பறிக்காதீர்கள். 2024 ஜனவரியில் அடித்த கடுங்குளிரில் ஒகனாகனில் அந்த ஆண்டின் விளைச்சல் ஏறக்குறைய முழுவதும் போயிற்று; கொடிகள் பலவும் பட்டுப்போயின. அந்த இழப்பிலிருந்து எழுந்துகொண்டிருக்கும் குடியானவரின் பழம் அது. இலையுதிர் காலத்தில் திடீரென்று வெடிச்சத்தம் கேட்டால் பயப்படாதீர்கள். பறவைகளை விரட்ட வைத்திருக்கும் எரிவாயு வெடி அது. வைன் சுவைக்க ஆசையிருந்தால், ஓட்டி முடித்து, சைக்கிளை நிறுத்தி வைத்த பிறகு போங்கள். மதியம் இரண்டு கிண்ணம் குடித்துவிட்டுச் சரளையில் இறங்குகிறவருக்கு நான் துணை வரமாட்டேன்.

10. நிலத்துக்கு உரியவர்களையும் தடம் போட்டவர்களையும் தெரிந்துகொள்ளுங்கள். இந்த ஒகனாகன் நிலம் சியில்க்ஸ் பூர்வகுடி மக்களுடையது. ரயில்வேயின் தலைமைப் பொறியாளர் ஆண்ட்ரூ மக்கலாக் ஷேக்ஸ்பியரில் தோய்ந்தவர். கோக்விஹல்லா பள்ளத்தாக்கின் நிலையங்களுக்கு ரோமியோ, ஜூலியட், லியர் போன்ற பெயர்கள் வந்தது அவரால்தான். அவர் பெயர் நூல்களில் இருக்கிறது. பாறை உடைத்த தொழிலாளர்களின் பெயர்கள் இல்லை. நாராமாட்டாவுக்கும் ஷூட் ஏரிக்கும் இடையே, அவர்களுக்கு ரொட்டி சுட அடுக்கிய கல் அடுப்புகள் இன்னும் நிற்கின்றன. பத்து நிமிடம் இறங்கி நடந்து போய்ப் பாருங்கள். கல்லைப் பெயர்க்காதீர்கள், மேலே ஏறாதீர்கள்.

எப்போது வருவது என்று கேட்பீர்கள். மே மாதத்தில் மேலே நிழலில் பனி கிடக்கலாம். ஆகஸ்டில் புகை சூழலாம். செப்டம்பர்தான் நல்ல மாதம். வெயில் தணிந்திருக்கும், அறுவடையும் நடக்கும். தனியாக வராதீர்கள், ஒரு துணையோடு வாருங்கள். முதல் தடவை மைராவின் 12 கிலோமீட்டரை ஓட்டிவிட்டு நிம்மதியாக வீடு போய்ச் சேருங்கள். மிச்சத்தை அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்.