விலை கூடிய லென்ஸ் வாங்கலாமா? கணக்கைப் பார்த்து முடிவு செய்யுங்கள்

ஸ்டூடியோ நடத்தும் பலருக்கும் ஓர் ஆசை உண்டு. பின்னணி மங்கி, மணமகளின் முகம் மட்டும் பளிச்சென்று தெரியும் படம் எடுக்க வேண்டும். அதற்கென்றே விலை கூடிய லென்ஸ்கள் இருக்கின்றன. ஆனால், தொழிலுக்குப் போட்ட முதலை அதில் முடக்குவது இலாபமா?

கெனன் நிறுவனத்தின் இரண்டு 85 மி.மீ. லென்ஸ்களை எடுத்துக்கொள்வோம். 2019இல் வந்த எஃப் 1.2 லென்ஸின் அறிமுக விலை 2,699 அமெரிக்க டொலர். 2020இல் வந்த எஃப் 2 லென்ஸின் அறிமுக விலை 599 டொலர். விலை நாலரை மடங்கு. உள்ளே வரும் வெளிச்சமோ ஏறத்தாழ 2.8 மடங்குதான். எடையும் 500 கிராமுக்குப் பதிலாக 1,195 கிராம்.

விலை கூடியதில் பலன் இல்லாமல் இல்லை. மங்கலான மண்டபத்தில் பிளாஷ் இன்றி எடுக்கலாம். ஃபோகஸ் வேகமாகப் பிடிக்கும். தூசும் ஈரமும் எளிதில் உட்புகாது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இரண்டு மீற்றர் தூரத்தில் எஃப் 1.2இல் எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் சுமார் 4 சென்ரிமீற்றர் மட்டுமே. மணமகள் சற்றுத் திரும்பினால் ஒரு கண் தெளிவாகவும் மற்றது மங்கலாகவும் இருக்கும். பத்துப் பேர் நிற்கும் குடும்பப் படத்துக்கு எப்படியும் எஃப் 5.6 அல்லது 8 வைக்க வேண்டும். அங்கே விலை வித்தியாசம் படத்தில் தெரிவது அரிது.

இனிக் கணக்கு. உங்களுக்குக் கிடைக்கும் விலைகளில் வித்தியாசம் 6 இலட்சம் ரூபா என்று வைத்துக்கொள்வோம். மாதம் 4 கலியாணம் என்றால் மூன்று ஆண்டில் 144. அப்படியானால் ஒவ்வொரு கலியாணத்திலும் சுமார் 4,170 ரூபா மேலதிகமாகக் கிடைத்தால்தான் போட்ட பணம் திரும்பும். மாதம் ஒரே கலியாணம் என்றால் அது 16,670 ரூபாவாகும்.

வாடிக்கையாளர் அதைத் தருவாரா? வாடகைக்கோ இரவலாகவோ எடுத்து, இரண்டு மூன்று கலியாணங்களில் பாவித்துப் பாருங்கள். இரண்டு லென்ஸிலும் எடுத்த படங்களை, எது எதுவென்று சொல்லாமல் வாடிக்கையாளர் முன் வையுங்கள். அவர் விலை கூடியதைத் தெரிவு செய்து, அதற்குக் காசும் கூட்டித் தருவாராயின் தயங்காமல் வாங்குங்கள். இல்லையேல் எஃப் 2 லென்ஸை வாங்கி, மீதியில் நல்ல பிளாஷும் இரண்டாவது கெமராவும் வாங்குங்கள். கலியாணத்தன்று கெமரா பழுதானால் கைகொடுப்பது அதுதான்.