நூலக வாயில் திறந்தோர்

தச்சன் மரத்தை அறுக்கத் தொடங்குமுன் அதன்மேல் நூலிட்டுப் பார்ப்பான். மரத்தின் கோணல் எங்குளது என்பதை அந்நூல் காட்டிவிடும். மனத்தின் கோணலைக் காட்டித் திருத்துவதாகலின் கல்வி தரும் ஏட்டிற்கும் நூல் என்றே பெயர் வந்தது என்பது நன்னூலார் தரும் விளக்கம். பெயர்ப் பொருத்தம் நன்று. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. தச்சனுடைய நூல் எப்பொழுதும் அவன் கையருகே கிடக்கும். கற்பவனுக்குரிய நூலோ, நெடுங்காலம் அவன் கைக்கு எட்டாத இடத்திலேயே இருந்துவந்தது.

ஓலைச்சுவடிக் காலத்தில் ஒரு நூலுக்குப் படி ஒன்று வேண்டுமாயின், ஒருவர் எழுத்தாணி பிடித்துப் பல நாள் அமர்ந்து எழுதுதல் வேண்டும். அத்துணை உழைப்பால் வந்த ஏட்டினை உடையவர் துணியிற் சுற்றிப் பரணிலோ பூசையறையிலோ காத்தனர். உ. வே. சாமிநாதையர் ஊரூராகச் சென்று சுவடி தேடியபொழுது மகிழ்ந்து கொடுத்தோரும் உண்டு. காட்டவும் மறுத்தோர் உண்டு. தஞ்சை மன்னர்கள் தலைமுறை தலைமுறையாகத் திரட்டிய சரசுவதி மகால் அரண்மனைக்குரிய நிலையத்தினின்று பொதுமக்களுக்குரிய நூலகமாக மாறியது 1918-ஆம் ஆண்டிலேதான். மேலைநாட்டாரும் இதில் நமக்கு இளைத்தவர் அல்லர். இங்கிலாந்தில் ஹெரிபோர்டு என்னும் ஊர்த் தேவாலயத்தில், நூல்களை இரும்புச் சங்கிலியால் அலமாரியோடு பிணைத்து வைத்திருந்ததனை இன்றும் காணலாம். படிக்க வருவோன் சங்கிலி எட்டும் தொலைவில் நின்று படித்துப் போகவேண்டியதே!

காத்தலே நூலகத்தார் தொழில் என்று கருதப்பட்ட காலம் அது. காத்ததனை வழங்குதலே அத்தொழிலின் பயன் என்று உலகிற்கு உணர்த்தியவர் பலர். வியப்பு யாதெனில், அவர்களுள் சிலர் நூலகத் தொழிலை நாடி வந்தவரே அல்லர். தந்தி கொண்டு ஓடிய சிறுவன், கணக்கு ஆசிரியர், பொறியாளர், நீதிமன்ற அலுவலர் எனப் பல வாழ்க்கையினின்றும் வந்தவர்கள்.

தந்திச் சிறுவனின் கதையை முதலில் கூறுவோம். ஸ்காட்லாந்து நாட்டு நெசவாளர் ஒருவர் தறித்தொழில் நலியவே 1848-இல் குடும்பத்தோடு அமெரிக்கா சென்று, பிட்ஸ்பர்க் நகரை அடுத்த அலகெனியில் குடியேறினார். அவர் மகன் ஆண்ட்ரு கார்னகி பள்ளியை விட்டு, ஆலையில் உழைத்து, பின்னர்த் தந்திகளைக் கொண்டு கொடுக்கும் வேலையிற் சேர்ந்தான். அவ்வூரில் கர்னல் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்பார், தம் சொந்த நூல்களைச் சனிக்கிழமைதோறும் உழைக்கும் சிறுவர்க்கு இரவல் கொடுத்துவந்தார். சிறிது காலத்திற்குப்பின் அந்நூலகத்தில் ஒரு விதி புகுந்தது: முறையாகத் தொழில் பழகும் சிறுவர்க்கே நூல் இலவசம், ஏனையோர் ஆண்டுக்கு இரண்டு டாலர் கட்டவேண்டும். தந்திச் சிறுவன் தொழில் பழகுபவன் ஆகானாம்! கார்னகி செய்தித்தாளுக்கு ஒரு கடிதம் விடுத்தான். தன் பெயரை எழுதாது, உழைக்கும் சிறுவன் என்று மட்டும் கையொப்பமிட்டான். விதி தளர்ந்தது, அவனுக்கு நூல் கிடைத்தது. பிற்காலத்தில் எஃகுத் தொழிலாற் பெருஞ்செல்வரான அவர், உலகின் பல பகுதிகளில் 2,500-க்கும் மேற்பட்ட நூலகக் கட்டடங்களுக்குப் பொருள் வழங்கினார். அவருடைய ஆலைகளில் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் உழைத்தோர்க்கு அந்நூலகங்களில் அமர்ந்து படிக்க நேரம் எங்கே இருந்தது என்று அக்காலத்திலேயே கேட்டவர்கள் உண்டு. அக்கேள்வி முறையானதே. நூலகத்தின் கதவு திறந்திருப்பது மட்டும் போதாது. படிப்பவனுக்கு ஓய்வு நேரம் உள்ளபொழுது திறந்திருத்தலும் வேண்டும்.

இவ்வுண்மையை நம் நாட்டில் நன்கு உணர்ந்து, அதனை ஒரு கலையாகவே வகுத்தவர் சீர்காழி இரா. அரங்கநாதனார். 1892-இல் பிறந்த அவர், ஆறு வயதிலேயே தந்தையை இழந்தவர். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கணிதம் பயின்று, மங்களூரிலும் கோயம்புத்தூரிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் கணித ஆசிரியராக விளங்கினார். திக்கிப் பேசும் குறையிருந்தும், மாணவர் விரும்பும் ஆசிரியரானார் என்பது கருதத்தக்கது.

1923-ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகம் நூலகர் பதவி ஒன்றை ஏற்படுத்தியது. நண்பர் தூண்டுதலால் விண்ணப்பித்த அரங்கநாதனார்க்கே அப்பதவி கிடைத்தது. சென்று அமர்ந்தவர்க்கோ அங்கே பொழுது போகவில்லை. வகுப்பறையில் நாள்தோறும் இளைஞர் சூழ இருந்தவர், வருவார் அருகிய நூலகத்தில் தனித்திருக்க நேர்ந்தது. சிறிது காலத்திற்குள் கல்லூரி முதல்வரிடம் ஓடிச்சென்று, பழைய வேலையே வேண்டும் என்று கேட்டார். முதல்வர் மறுக்கவில்லை. நூலகப் பயிற்சிக்காக இங்கிலாந்து செல்ல ஏற்பாடு ஆகியிருந்தமையால், சென்று வந்தபின்னும் இவ்வெண்ணம் மாறாதாயின் அழைத்துக்கொள்வதாகக் கூறினார்.

இங்கிலாந்து அவர் மனத்தை மாற்றியது. இலண்டனில் நூலகக் கல்வி பயின்றதோடு, குராய்டன் நகர நூலகத்தின் தலைவர் பெர்விக் சேயர்சிடம் நேரிற் பழகினார். அங்கே தொழிலாளரும், இல்லத்தரசியரும், சிறுவரும் நூலகத்திற்கு இயல்பாக வந்து போவதைக் கண்டார். சென்னையில் தாம் கண்ட வெறுமை நூலகத்தின் இயல்பு அன்று, அதனை நடத்திய முறையின் குறையே என்பது அவர்க்கு விளங்கிற்று. அங்கேயே மற்றொன்றும் நேர்ந்தது. ஒரு பெருங்கடையில், துளையிட்ட சிறு தகடுகளையும் திருகாணிகளையும் கொண்டு சிறுவர் பல பொருள்களைச் செய்து விளையாடும் விளையாட்டுக் கருவியைக் கண்டார். சில உறுப்புகளே ஆயினும், கூட்டும் வகையால் எண்ணற்ற வடிவம் பெறலாம் அன்றோ? நூலின் பொருளையும் இவ்வாறே சிறு கூறுகளாகப் பிரித்து, வேண்டியவாறு இணைத்து எண்ணிடலாம் என்று கருதினார். கூறுகளை இணைக்கும் திருகாணியாக முக்காற்புள்ளியைக் கொண்டார். 1933-இல் வெளிவந்த கோலன் பகுப்பு முறை இவ்வாறு தோன்றியதே. அக்காலத்து மேலைநாட்டுப் பகுப்பு முறைகளில் நம் நாட்டு மெய்ப்பொருளும் இலக்கியமும் ஒரு மூலையில் நெருக்குண்டு கிடந்தன. தமிழ் கற்ற நமக்கு அக்குறை தீர்ந்ததில் தனி மகிழ்ச்சி உண்டு.

1925-இல் மீண்ட அரங்கநாதனார் பழைய வேலையைக் கேட்கவில்லை. பூட்டிய அலமாரிகளைத் திறந்து, படிப்போர் தாமே சென்று நூலை எடுத்துப் பார்க்கும் முறையைக் கொணர்ந்தார். வந்தவர் தேடுவது யாதென வினவி உதவுதற்குப் பணியாளரைப் பழக்கினார். விடுமுறை என்றும் பாராது உழைத்தார். 1928-இல் தம் திருமணம் நிகழ்ந்த நாளிலேயே பிற்பகல் நூலகம் சென்று பணியாற்றினார் என்பர். மணமகளாருக்கு அது எத்தகைய மகிழ்ச்சி தந்ததோ அறியோம்! எனினும், பின்னாளில் தம் வாழ்நாள் சேமிப்பாகிய ஓர் இலட்சம் ரூபாயைப் பல்கலைக்கழகத்திற்கு ஈந்து, நூலகக் கல்விக்குத் தம் துணைவி சாரதை பெயரால் பேராசிரியர் பதவி ஒன்றை நிறுவச் செய்தார்.

1931-இல் அவர் வெளியிட்ட நூல், நூலகத்திற்கு ஐந்து விதிகளை வகுக்கிறது. ஐந்தனுள் முதல் விதி மிக எளியது. நூல் இருப்பது பயன்படுதற்கே என்பது அதன் கருத்து. இதை அறியாதார் யார் என்று நாம் கேட்கலாம். ஆனால் அரங்கநாதனார் கணித அறிஞர். ஒரு சிறு மெய்யினின்று பல முடிபுகளை வருவிக்க வல்லவர். நூல் பயன்படுதற்கே எனின், நூலகம் ஊரின் புறத்தே இராது, மக்கள் நடமாடும் இடத்தில் இருத்தல் வேண்டும். மக்கள் ஓய்ந்திருக்கும் வேளையில் திறந்திருத்தல் வேண்டும். தரையில் நிற்பவன் கை எட்டும் அளவினதாக அலமாரி இருத்தல் வேண்டும். பணியாளர் இன்முகம் உடையவராதல் வேண்டும். ஏனைய விதிகளும் இத்தகையனவே. படிப்பவர் யாராயினும் அவர்க்குரிய நூலைச் சேர்ப்பித்தல், எந்நூலும் படிப்பாரின்றிக் கிடவாது பார்த்தல், வந்தவர் பொழுதை வீணாக்காமை, வளர்ச்சிக்கு இடம் வைத்தல் ஆகிய கடமைகளை அவை கூறுகின்றன.

நூலகத்திற்கு வர இயலாத உழவர்க்கு என் செய்வது? அதற்கு விடை அவ்வாண்டிலேயே மன்னார்குடிப் பகுதியிற் கிடைத்தது. கனகசபைப் பிள்ளை என்னும் பொறியாளர், மாட்டுவண்டி ஒன்றில் நூல்களை அடுக்கி ஊரூராக அனுப்பும் ஏற்பாட்டைச் செய்தார். 1931 அக்டோபர்த் திங்களில், மேலவாசலில் அவ்வண்டி நூலகம் தொடங்கியது. காவிரிப் பாசன நிலத்தில் ஐப்பசி மழை பெய்யுங்கால் சிற்றூர்ப் பாதைகள் எவ்வாறிருக்கும் என்பதை அப்பகுதி மாணவர் நன்கு அறிவர். பட்டணத்துப் படிப்பாளி படியேறிச் செல்ல வேண்டிய நூல், சேற்றில் சக்கரம் புதையப் புதைய உழவன் தெருவுக்கே வந்தது. இந்நாளில் ஊர்தி நூலகங்களைக் காணும் நாம், அவற்றின் முன்னோடி இரண்டு மாடுகள் இழுத்த வண்டி என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஒரு வள்ளலின் வண்டி அவர் உள்ளவரை ஓடும். சட்டம் செய்தாலன்றி அறம் நிலைபெறாது. இதனை உணர்ந்து அரங்கநாதனார் 1930-இல் காசியில் கூடிய கல்வி மாநாட்டில் நூலகச் சட்டத்திற்கு ஒரு மாதிரி வரைவு அளித்தார். அவ்விதை முளைத்துப் பயன் தரப் பதினெட்டு ஆண்டுகள் ஆயின. 1948-இல், கல்வியமைச்சர் அவினாசிலிங்கம் செட்டியார் காலத்தில், சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவில் இத்தகைய சட்டம் இதுவே முதல். சொத்துவரியோடு ஒரு சிறு தொகை நூலக வரியாகச் சேர்த்து வாங்கப்படுகிறது. ஆகவே நம் ஊர்க் கிளை நூலகத்தில் உள்ள நூல் எவரும் நமக்கு இரங்கி இட்ட பிச்சை அன்று. நம் பெற்றோர் செலுத்திய வரியால் வந்த உடைமையே. அதன் வாயிலில் தயங்கி நிற்க வேண்டுவதில்லை.

கடல் கடந்த யாழ்ப்பாணத்திலும் இதே வேட்கை எழுந்தது. 1933-இல் நீதிமன்ற அலுவலராகிய க. மு. செல்லப்பா என்பார் தம் வீட்டிலிருந்தே நூல்களை இரவல் வழங்கத் தொடங்கினார். ஊரார் துணைபுரிய அது வளர்ந்தது. பெரியதொரு கட்டடத்திற்குத் திட்டமிட்டபொழுது, அரங்கநாதனாரின் அறிவுரை நாடப்பெற்றது. 1959-இல் அக்கட்டடம் திறக்கப்பட்டது. 1981-ஆம் ஆண்டு மே இறுதி நாளின் இரவில் அந்நூலகம் தீயிடப்பட்டு, ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. மீண்டும் அச்சிற் பெறக்கூடிய நூல்கள் சில. மறுபடி இல்லாச் சுவடிகள் போனவை போனவையே. அவ்விடத்திலேயே நூலகம் மறுபடி எழுப்பப்பட்டு, இன்று படிப்போரை வரவேற்கின்றது.

தொலைவும் கட்டணமும் நீங்கியபின்னும் சிலர்க்கு வாயில் அடைத்தே இருந்தது. காலிழந்தார்க்கு ஐந்து படிகள் ஒரு மதில். ஆகவே பொதுக் கட்டடங்களில் மாற்றுத்திறனாளிகள் தடையின்றிச் செல்ல வழி செய்தல் வேண்டும் என 2016-ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கின்றது. கண்ணிழந்தார்க்கோ அச்சுப் பக்கமே மதில். பிரான்சு நாட்டுச் சேணத் தொழிலாளி மகன் லூயி பிரெயில், மூன்று வயதில் தந்தையின் ஊசியால் கண் குத்துண்டு இரு கண்ணும் இழந்தவர். ஆறு புள்ளிகளால் விரல் தொட்டுப் படிக்கும் எழுத்தை அமைத்து 1829-இல் வெளியிட்டார். 1951-இல் இந்திய மொழிகட்குப் பொதுவான பாரதி பிரெயில் முறை வந்தது. சென்னையில் 2010-இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் இத்தகைய நூல்கட்கெனத் தனிப்பிரிவு உளது.

எனினும் ஓர் இடர் இருந்தது. அச்சு நூலை ஒலியாகவோ புள்ளியெழுத்தாகவோ மாற்றுதற்குப் பதிப்புரிமை உடையாரின் இசைவு வேண்டும். அவ்விசைவு வருமுன் தேர்வே முடிந்துவிடும். பார்வையற்ற மாணவர்க்கு இதனால் வரும் இழப்பைச் சொல்லவும் வேண்டுமோ? பார்வையற்றோர் அமைப்புகளும் நூலகத்தாரும் பல ஆண்டுகள் வாதாடினர். 2012-இல் நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. 2013-இல் மராகேசு நகரில் உலக நாடுகள் இதற்கென ஓர் உடன்படிக்கை செய்தன. 2014-இல் அதனை ஏற்று உறுதி செய்த முதல் நாடு இந்தியாவே.

இன்று கணிப்பொறி நூலை வாய்விட்டுப் படிக்கின்றது. ஆனால் பக்கத்தைப் படமாக மட்டும் எடுத்துவைத்தால் அதனால் படிக்க இயலாது. எழுத்து எழுத்தாக மாற்றித் தருதல் வேண்டும். பழந்தமிழ் அச்சு நூல்களை அவ்வாறு மாற்றுங்கால் ழகரம் ளகரமாகும், ஒற்று மறையும், சீர் சிதையும். கேட்பவரோ பக்கத்தைக் கண்ணாற் பார்த்துத் திருத்திக்கொள்ள இயலாதவர். ஆதலின் மூல நூலை அருகில் வைத்து வரிவரியாக ஒப்பிட்டுத் திருத்துதற்கு, எழுத்தும் சந்தியும் நன்கறிந்த ஒருவர் பொறுமையோடு அமர்தல் வேண்டும். நூலகங்களில் இப்பணிக்கு இன்று ஆள் தேவை.