மருந்தோடு வேண்டும் மனத்துணை

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (விலங்கியல்)

புற்றுநோய் என்றவுடன் அறுவை, கதிர்வீச்சு, மருந்து ஆகிய மூன்று சிகிச்சைகளே நம் நினைவுக்கு வருகின்றன. கட்டுப்பாடின்றிப் பெருகும் செல்களை அழிப்பது இவற்றின் நோக்கம். ஆனால் அந்நோய் மனத்தில் விளைவிக்கும் அச்சத்துக்கும் தனிமைக்கும் மருந்து யாது? மனநல ஆலோசனை என்பர் அறிஞர்.

இதனை நான் முதலில் நூலில் கற்கவில்லை, வீட்டில் கற்றேன். என் அப்பாயிக்கு வயிற்றில் புற்று. எங்கள் வீட்டில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவனே. மருத்துவ அறிக்கையை என்னிடம் நீட்டி, "என்னய்யா போட்டிருக்கு?" என்று கேட்டார். அப்பா கண்ணைக் காட்டினார். "வெறும் புண்ணுதான் அப்பாயி" என்றேன். அதன்பின் அவர் ஒன்றும் கேட்கவில்லை. நாங்களும் அவரருகே உட்கார்ந்து பேச அஞ்சினோம்.

சிகிச்சைக்குச் சென்ற இடத்தில் ஆலோசகர் அம்மையார் ஒருவர் வந்தார். அறிவுரை எதுவும் கூறவில்லை. "பாட்டி, உங்களுக்கு என்ன நோவுன்னு நீங்க நினைக்கிறீங்க?" என்று மட்டும் கேட்டார். "புத்துன்னு எப்பவோ தெரியும் தாயி. புள்ளைங்க மனசு ஒடஞ்சிரும்னுதான் பேசாம இருந்தேன்" என்றார் அப்பாயி. நான் தலைகுனிந்தேன்.

அந்தக் கேள்வி தற்செயலானது அன்று. துயரச் செய்தியைத் தெரிவிப்பதற்கு ஆறு படிகளை வகுத்து 2000ஆம் ஆண்டில் மருத்துவர்கள் வெளியிட்ட முறையிலும், நோயாளி அறிந்திருப்பது என்ன என்று கேட்ட பிறகே செய்தியைச் சொல்ல வேண்டும். எவ்வளவு அறிய விரும்புகிறார் என்பதையும் கேட்டல் வேண்டும். மனவேதனையை அளக்கவும் எளிய வழி உண்டு. வெப்பமானிப் படம் ஒன்றில் 0 முதல் 10 வரை நோயாளியே குறித்துக் காட்டுவார். 4 அல்லது அதற்கு மேல் இருப்பின் மேலும் விசாரித்து உதவுவர். 1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் அம்மையார், நோயாளியின் வலியில் உடலோடு மனம், குடும்பம், ஆன்மா ஆகியவற்றின் துயரும் சேர்ந்துள்ளது என்று விளக்கினார்.

ஆலோசனை புற்றை அழிப்பதில்லை, தனிமையைக் குறைக்கிறது. மருத்துவத்தின் நான்கு கூறுகளுள் உடனிருந்து கவனிப்பவரையும் ஒருவராக வைத்தார் வள்ளுவர். அந்த உடனிருப்பவர் நாமே அன்றோ?

அப்பாயி அதற்குப்பின் நெடுநாள் இருக்கவில்லை. ஆயினும் அன்றிரவு அதே அறிக்கையை அவர் கேட்டபடி வரிவரியாகத் தமிழில் சொன்னேன். என் கையைப் பிடித்தபடியே கேட்டார். நண்பர்களே, உங்கள் இல்லத்திலும் இப்படியோர் அறிக்கை உங்கள் கைக்கு வரலாம். பொய் சொல்லுமுன் அவரையே ஒருமுறை கேளுங்கள்.