எட்டாம் பிரிவை மறந்துவிட்ட மனு

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதமும், உங்கள் மகளிர் மன்றம் நாடாளுமன்ற உறுப்பினரிடம் கொடுக்கவிருக்கும் மனுவின் நகலும் கிடைத்தன. மனுவில் கேட்டிருப்பது ஒன்றே ஒன்றுதான்: காசு கொடுத்துப் பெண்ணிடம் போகிற ஆணுக்குச் சிறைத்தண்டனை. "இத்தனை வருடம் அவளைப் பிடித்தது போதும், இனி அவனைப் பிடிக்கட்டும்" என்று முடித்திருக்கிறீர்கள். ஸ்வீடனில் செய்துவிட்டார்கள், நமக்கு என்ன கேடு என்றும் கேட்டிருக்கிறீர்கள். நானும் கையெழுத்துப் போட வேண்டுமாம். இந்த மனுவை இப்படியே வைத்துக்கொண்டால் போட மாட்டேன். ஏன் என்று விவரமாகச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் உங்கள் கோபம். அதில் ஒரு எழுத்தைக்கூட நான் மறுக்கவில்லை. 'மசாஜ் சென்டரில் ரெய்டு. நான்கு அழகிகள் மீட்பு. புரோக்கர் கைது' என்று மாதம் தவறாமல் செய்தி வருகிறது. துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு பெண்கள் வேனில் ஏறும் படமும் வருகிறது. அந்த அறைக்குள் இருந்த ஆணைப் பற்றி ஒரு வரி இருக்காது. சட்டத்தைப் புரட்டினால் கோபம் இன்னும் கூடும். 1956ஆம் ஆண்டின் விபச்சாரத் தடுப்புச் சட்டத்தில் எட்டாவது பிரிவு, பொது இடத்தில் ஆள் கூப்பிடுவதைக் குற்றமாக்குகிறது. பெண் முதல்முறை மாட்டினால் ஆறு மாதம் வரை சிறை, மறுமுறை ஒரு வருடம் வரை. அதே குற்றத்தை ஓர் ஆண் செய்தால் ஏழு நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள். 1986 திருத்தத்தில் இதைச் சேர்த்தவர்களுக்குக் கூச்சமே இருந்திருக்காது போல. 'மீட்கப்பட்ட' பெண்ணோ பதினேழாவது பிரிவின்படி, அவள் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், ஒன்று முதல் மூன்று வருடம் வரை ஹோமில் வைக்கப்படலாம்.

ஆக, அவனைப் பிடியுங்கள் என்ற குரல் நியாயமான இடத்திலிருந்துதான் எழுகிறது. ஸ்வீடனிலும் அப்படித்தான் எழுந்தது. 1999 ஜனவரி 1 அன்று அங்கே அமலுக்கு வந்த சட்டம் விற்பவரை விட்டுவிட்டது, வாங்குபவரைக் குற்றவாளியாக்கியது. பெண்ணுடம்பை ஆண் விலைக்கு வாங்க முடிகிற ஊரில் ஆணும் பெண்ணும் சமம் என்று சொல்ல முடியாது என்பது அதன் வாதம். வலுவான வாதம், சட்டென்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. 2009இல் நார்வேயும் ஐஸ்லாந்தும் அதே வழிக்குப் போயின. 2014இல் கனடா, பிறகு வட அயர்லாந்து, பிரான்ஸ், அயர்லாந்து, இஸ்ரேல். ஐரோப்பிய நாடாளுமன்றமும் 2014இல் இந்த வழியை ஆதரித்துத் தீர்மானம் போட்டது.

மறுபக்கம், 2015இல் ஆம்னெஸ்டி இன்டர்நேஷனல், விருப்பப்பட்ட பெரியவர்களுக்குள் நடக்கும் பாலியல் தொழிலில் யாரையுமே குற்றவாளியாக்கக் கூடாது என்று முடிவெடுத்தது. பெண்ணியவாதிகளிலேயே பாதிப் பேர் கொதித்துப்போனார்கள், மீதிப் பேர் வரவேற்றார்கள். குளோரியா ஸ்டைனம் ஒரு பக்கம், பாலியல் தொழிலாளர் சங்கங்கள் இன்னொரு பக்கம். இது ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடக்கிற சண்டை என்று நினைத்துவிடாதீர்கள்.

ஸ்வீடன் சட்டம் வந்து பத்து வருடம் கழித்து, அரசே ஒரு மதிப்பீடு செய்தது. அன்னா ஸ்கார்ஹெட் தலைமையில் 2010இல் அறிக்கை வந்தது. தெருவில் நிற்பவர்கள் பாதியாகக் குறைந்துவிட்டார்கள் என்றது. உலகமெங்கும் மேற்கோள் காட்டப்படுவது இந்த வரிதான். அதே அறிக்கையில் இன்னோர் இடமும் உண்டு. சட்டத்துக்குப் பிறகு தங்கள் மேல் விழும் இழிவு கூடிவிட்டது என்று தொழிலில் இருப்பவர்கள் சொன்னதை அது பதிவு செய்கிறது. பதிவு செய்துவிட்டு, இந்தத் தொழிலை எதிர்ப்பதுதானே சட்டத்தின் நோக்கம், ஆகவே இந்த விளைவுகளையும் சாதகமாகவே பார்க்க வேண்டும் என்கிறது. அந்தப் பெண்ணைக் காப்பாற்றப் போட்ட சட்டம், அவளுக்கு வலிப்பதைத் தன் வெற்றிக் கணக்கில் எழுதிக்கொள்கிறது. நான் இந்தச் சட்டங்களைச் சந்தேகத்தோடு படிக்க ஆரம்பித்தது அங்கேதான்.

அவனுக்குப் போட்ட சட்டம் அவளை எப்படித் தொடும் என்று கேட்பீர்கள். ஒரு தெருவைக் கற்பனை செய்யுங்கள். முன்பு அவள் காரின் ஜன்னலருகே நின்று, உள்ளே இருப்பவன் முகத்தைப் பார்த்து, குடித்திருக்கிறானா, பின்சீட்டில் இன்னொருவன் பதுங்கியிருக்கிறானா என்று நோட்டம் விட்டு, காசு, ஆணுறை, இடம் எல்லாம் பேசி முடித்த பிறகே ஏறுவாள். இரண்டு நிமிடமாவது ஆகும். அவளுக்கு இருந்த பாதுகாப்பே அந்த இரண்டு நிமிடம்தான். இப்போது போலீஸுக்குப் பயந்தவன் அவன். "சீக்கிரம் ஏறு, போய்ப் பேசிக்கலாம்" என்பான். விளக்கு இருக்கும் இடத்துக்கு வர மாட்டான், சொந்த நம்பரும் தர மாட்டான். பயப்படும் கிராக்கி, அதாவது வேலை, குடும்பம், மானம் எல்லாம் உள்ளவன், வராமலே நின்றுவிடுவான். வழக்கு ஒன்று கூடினால் என்ன என்று நினைக்கிற முரடன் வருவதை நிறுத்த மாட்டான். ஆள் குறைந்த நாளில் வந்தவனை வேண்டாம் என்று சொல்ல அவளாலும் முடியாது. பாவம் பார்த்து சட்டம் அவளை விட்டுவிட்டது, ஆனால் வீட்டு வாடகையும் பிள்ளை ஃபீஸும் அவளை விடுவதாக இல்லை.

பிரான்ஸில் இது எண்களாகவே வந்தது. அங்கே 2016 சட்டம் ஒரு நல்ல காரியம் செய்தது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். 2003இலிருந்து தெருவில் நிற்பதையே குற்றமாக்கியிருந்த பிரிவைத் தூக்கியது. வாடிக்கையாளருக்கு 1500 யூரோ வரை அபராதம், மறுபடி மாட்டினால் 3750. தொழிலை விட நினைப்பவர்களுக்கு மாதாந்திர உதவித்தொகையும் வைத்தார்கள். ஆரம்பத்தில் அது 330 யூரோ. பாரிஸில் அந்தக் காசுக்கு ஒரு அறைகூட வாடகைக்குக் கிடைக்காது. இரண்டு வருடம் கழித்து 'உலக மருத்துவர்கள்' என்ற தொண்டு நிறுவனத்துக்காக நடந்த ஆய்வில், தங்கள் வாழ்க்கை நிலை மோசமாகிவிட்டது என்று சொன்னவர்கள் நூற்றுக்கு 62.9 பேர். வருமானம் குறைந்தது என்றவர்கள் 78.2. வன்முறை கூடியது என்றவர்கள் 42.3.

பிறகு இந்தச் சட்டத்தை எதிர்த்து, தொழிலில் இருக்கும் 261 பேர் சேர்ந்து ஸ்ட்ராஸ்பூர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2024 ஜூலையில் அவர்கள் தோற்றார்கள். ஐரோப்பிய நாடுகளுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லாத விஷயம், பிரான்ஸ் தன் முடிவை எடுக்கலாம், ஆனால் விளைவுகளைத் தொடர்ந்து கவனித்துவர வேண்டும் என்றது நீதிமன்றம். ஆகவே இந்தச் சட்டம் மனித உரிமைக்கு விரோதம் என்று தீர்ந்துபோன விஷயமாக நான் சொல்ல முடியாது. சொல்லவும் இல்லை. எனக்கு இருப்பது வேறு கவலை: அவனுக்கென்று போட்ட சட்டம் கடைசியில் அவள் மேலேயே பாயும் என்பது.

அந்தக் கவலைக்கு அயர்லாந்துதான் நல்ல உதாரணம். 2017இல் அங்கே வாங்குபவரைக் குற்றவாளியாக்கினார்கள். கூடவே விடுதி நடத்துவோருக்கான தண்டனையையும் உயர்த்தினார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 2019இல் கில்டேர் பகுதியில் ஒரே வீட்டிலிருந்து தொழில் செய்த இரண்டு வெளிநாட்டு இளம்பெண்கள் விடுதி நடத்திய குற்றத்துக்காக ஒன்பது மாதம் சிறைக்கு அனுப்பப்பட்டார்கள். முதலாளி யாரும் இல்லை, இரண்டு பேர் மட்டும்தான். அவர்களில் ஒருத்தி கர்ப்பிணி.

இப்போது நம் சட்டத்தின் இரண்டாவது பிரிவைப் படித்துப் பாருங்கள். இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பெண்கள் தங்கள் பரஸ்பர லாபத்துக்காகப் பயன்படுத்தும் இடமும் விபச்சார விடுதியே என்கிறது. தனியாக இருக்கப் பயந்து இரண்டு பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்தால் விடுதி. நான்காவது பிரிவில், பதினெட்டு வயது தாண்டிய எவரும் அவள் சம்பாத்தியத்தில் வாழ்வது குற்றம். காலேஜ் போகும் மகனும் அதில் அடங்குவான். ஏழாவது பிரிவின்படி கோயில், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி ஆகியவற்றுக்கு 200 மீட்டருக்குள் தொழில் செய்தால் அவளுக்கும் தண்டனை, அவளோடு இருந்தவனுக்கும் தண்டனை. இந்த மூன்றிலிருந்தும் 200 மீட்டர் தள்ளி ஓர் இடத்தை உங்கள் ஊரில் காட்ட முடியுமா? வயல்வெளிக்குத்தான் போக வேண்டும். அதாவது, வாடிக்கையாளரைப் பிடிக்கும் பிரிவு நம்மிடம் ஓரளவுக்கு ஏற்கெனவே இருக்கிறது. அது யார் மேல் பாய்கிறது என்று தெரிந்துகொள்ள, மேலே சொன்ன செய்தித்தாள் படமே போதும்.

நீங்கள் கேட்கும் சட்டம் ஒருமுறை தில்லி வாசல்வரை வந்து நின்றது என்பது உங்களுக்குத் தெரியாதிருக்கலாம். 2006இல் ரேணுகா சௌத்ரி பெண்கள் நலத்துறை அமைச்சராக இருந்தபோது கொண்டுவந்த திருத்த மசோதா. அதில் 5-சி என்று ஒரு பிரிவு. கடத்தப்பட்ட பெண்ணைத் தேடி விடுதிக்குப் போகிறவனுக்கு முதல்முறை மூன்று மாதம் வரை சிறை அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், மறுமுறை ஆறு மாதம், 50,000. கொல்கத்தாவின் சோனாகாச்சியில் தொழில் செய்யும் பெண்கள் உட்படப் பல மாநிலத்தவர் தில்லியில் திரண்டு இதை எதிர்த்தார்கள். வந்திருப்பவள் கடத்தப்பட்டவளா இல்லையா என்பதை வாசலில் நிற்கும் ஏட்டு முடிவு செய்வார், அதற்கு ஒரு விலையும் வைப்பார் என்பது அவர்கள் வாதம். அமைச்சரவைக்குள்ளேயே எதிர்த்தவர் சுகாதார அமைச்சராக இருந்த நம் அன்புமணி ராமதாஸ். வருகிறவனைத் துரத்தினால் எய்ட்ஸ் தடுப்பு வேலை தலைமறைவாகிவிடும் என்பது அவர் துறையின் கவலை.

அந்தக் கவலைக்கு சென்னையில் ஒரு பழைய வேர் உண்டு. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும்தான் இந்தியாவில் முதன்முதலாக எச்ஐவியைக் கண்டுபிடித்தார்கள். சென்னையில் பாலியல் தொழிலாளர்களிடம் எடுத்த ரத்தத்தை வேலூர் சிஎம்சியில் சோதித்தபோது தெரிந்த விஷயம் அது. அதற்குப் பிறகு இந்தப் பெண்களிடம் போய் ஆணுறை கொடுத்துப் பேசிப் பழகிய களப்பணியாளர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும்: ரெய்டு நடந்த வாரம் அந்தத் தெருவில் யாரையும் பார்க்க முடியாது.

2009இல் மக்களவை கலைந்தது, மசோதாவும் காலாவதியானது. நான் சந்தோஷப்பட்டேன் என்று நினைக்காதீர்கள். அதே மசோதாவில் எட்டாவது பிரிவை அடியோடு நீக்கும் யோசனையும் இருந்தது. 5-சியோடு கட்டிப்போட்டதால் அதுவும் சேர்ந்து போனது. அன்று முதல் இன்றுவரை எட்டாவது பிரிவு அப்படியே உட்கார்ந்திருக்கிறது. உங்கள் மனுவைப் படித்தபோது எனக்கு உறுத்தியதும் இதுதான். அவனைப் பிடியுங்கள் என்று முழுப் பக்கம் இருக்கிறது. அவளை விடுங்கள் என்று ஒரு வரிகூட இல்லை. ஸ்வீடனும் பிரான்ஸும் தங்கள் சட்டத்தை நியாயப்படுத்துவதே, விற்பவரைத் தண்டிக்கவில்லை என்று சொல்லித்தான். நீங்கள் கேட்பது அந்தச் சட்டத்தில் பாதி.

கடத்தப்பட்ட சிறுமிகளை மறந்துவிட்டுப் பேசுகிறேன் என்று நினைப்பீர்கள். இல்லை. தில்லியில் ஒரு மாணவிக்கு நேர்ந்த பாலியல் வன்கொடுமைக்குப் பிறகு 2013இல் இந்திய தண்டனைச் சட்டத்தில் 370ஏ சேர்ந்தது. இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 144வது பிரிவு. கடத்தப்பட்டவள் என்று தெரிந்தோ, தெரிந்திருக்கக் காரணம் இருந்தோ பாலியல் சுரண்டலுக்கு ஆளாக்குபவனுக்கு, அவள் வயது வந்தவளானால் குறைந்தபட்சம் மூன்று வருடம், சிறுமியானால் ஐந்து வருடம். குழந்தையென்றால் போக்சோ தனி. இதைவிடக் கடுமையாக 5-சிகூடக் கேட்கவில்லை. இந்தப் பிரிவில் எத்தனை குற்றப்பத்திரிகை தாக்கலாகியிருக்கிறது என்று உங்கள் மாவட்ட எஸ்.பி. அலுவலகத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கேளுங்கள். மனுவுக்கு முன்னால் அதுதான் வேலை.

கிராக்கியின் நிலை என்ன என்று நீதிமன்றங்களே ஒரு குரலில் பேசவில்லை. ரெய்டின்போது அங்கே இருந்தார் என்பதற்காக மட்டும் வழக்கு நிற்காது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2022இல் ஒரு வழக்கை ரத்து செய்தது. அவன் கொடுக்கும் காசே அவளை இந்தத் தொழிலுக்குத் தூண்டுவதுதான், ஆகவே ஐந்தாவது பிரிவில் வழக்குத் தொடரலாம் என்று கேரள உயர் நீதிமன்றம் 2025இல் சொன்னது. இதற்கிடையே 2022 மே மாதம் நீதிபதி எல். நாகேஸ்வர ராவ் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு, விருப்பத்தோடு தொழில் செய்யும் பெண்ணை ரெய்டில் கைது செய்யவோ தொந்தரவு செய்யவோ கூடாது, பத்திரிகைகள் அவள் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்றது. அதற்குப் பிறகும் அந்த வேன் படங்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

இன்னொரு வழியும் உண்டு. நியூசிலாந்து 2003இல் யாரையும் குற்றவாளியாக்காத வழியை எடுத்தது. 60க்கு 59 என்ற கணக்கில், ஒருவர் வாக்களிக்காமல் ஒதுங்கியதால் தப்பிய சட்டம். அந்த விவாதத்தில் பேசியவர்களில் ஒருவர் ஜார்ஜினா பேயர். தெருவில் நின்று பிழைத்து, பின்னாளில் மேயராகி, நாடாளுமன்றத்துக்கு வந்த திருநங்கை. தன் அனுபவத்தைச் சபையில் சொன்னார். அங்கே 2014இல் ஒரு பாலியல் தொழிலாளி, தன்னைத் தொந்தரவு செய்த விடுதி உரிமையாளர் மேல் பாலியல் துன்புறுத்தல் புகார் கொடுத்து 25,000 டாலர் இழப்பீடு வாங்கினார். வேலை செய்கிற இடத்தில் எந்தப் பெண்ணும் கேட்கிற நியாயம்தான். ஆனால் தற்காலிக விசாவில் வந்த வெளிநாட்டுப் பெண்களுக்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை. அவர்கள் இன்றும் பயந்துதான் இருக்கிறார்கள்.

மனுவில் நான் எதிர்பார்க்கும் மாற்றம் இது. முதல் கோரிக்கையாக எட்டாவது பிரிவை நீக்கச் சொல்லுங்கள். இரண்டு பேர் இருந்தால் விடுதி என்ற வரையறையையும், மகனைக் குற்றவாளியாக்கும் நான்காவது பிரிவையும் திருத்தச் சொல்லுங்கள். விருப்பமில்லாதவளை ஹோமில் பூட்டக் கூடாது என்று எழுதுங்கள். 144வது பிரிவை முறையாகப் பயன்படுத்தக் கேளுங்கள். அதற்குப் பிறகும் வாடிக்கையாளருக்குத் தண்டனை வேண்டும் என்று மன்றம் நினைத்தால், தொழிலில் இருக்கும் பெண்கள் இரண்டு மூன்று பேரையாவது கூட்டத்துக்கு அழைத்து, வரைவை அவர்களிடம் படித்துக் காட்டுங்கள். சென்னையிலும் மற்ற ஊர்களிலும் அவர்களுடைய அமைப்புகள் இருக்கின்றன, மாவட்ட எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் கேட்டால் தொடர்பு கிடைக்கும். மனுவின் அடியில் பதினெட்டுக் கையெழுத்துகள் பார்த்தேன். ஆசிரியைகள், வங்கி ஊழியர்கள், ஒரு வழக்கறிஞர். இந்தச் சட்டத்தால் நாளைக்கே வாழ்க்கை மாறப்போகிறவர் ஒருவரும் அதில் இல்லை.

கூட்டம் வைத்தால் தேதியை முன்கூட்டியே தெரிவியுங்கள், வருகிறேன்.

அன்புடன்.