கழிவு நீரும் ஏரிகளும்: பெங்களூரு தரும் பாடம்

பெங்களூரு நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், மேட்டு நிலத்தில் அமைந்துள்ளது. பேராறு எதுவும் அதனருகே ஓடவில்லை. ஆகவே முன்னோர் மழைநீரைத் தேக்க ஏரிகளை அமைத்தனர். ஓர் ஏரி நிரம்பினால், மிகுநீர் ராஜகால்வாய் வழியே அடுத்த ஏரிக்குச் செல்லும். அன்று நீரைப் பகிர்ந்தளித்த இத்தொடரே இன்று மாசையும் பகிர்ந்தளிக்கிறது.

மாசின் மூலம்

நகரின் குடிநீர் சுமார் 100 கி.மீ. தொலைவிலுள்ள காவிரியிலிருந்து மேலேற்றிக் கொண்டுவரப்படுகிறது. வீடுகளுக்கு வழங்கப்படும் நீரில் ஏறக்குறைய 80 சதவீதம் கழிவு நீராக வெளியேறும் என்பது பொதுக் கணக்கு. குடிநீர் வழங்கல் பெருகிய வேகத்தில் புதைசாக்கடைகளும் சுத்திகரிப்பு நிலையங்களும் பெருகவில்லை. எஞ்சிய கழிவு நீர் மழைநீர்க் கால்வாய்களில் கலந்தது.

சுமார் 900 ஏக்கர் பரப்புள்ள பெல்லந்தூர் ஏரி இதன் விளைவைக் காட்டுகிறது. கழிவிலுள்ள நைட்ரஜனும் பாஸ்பரசும் ஆகாயத் தாமரைக்கு உரமாகின்றன. செடிகள் மடிந்து அழுகும்போது நீரிலுள்ள பிராணவாயு குறைகிறது. புவி வெப்பத்தை மிகுவிக்கும் மீத்தேன் வாயு உண்டாகிறது. சலவைப் பொருள்களின் எச்சம் நுரையாகப் பொங்குகிறது. 2015, 2017, 2018 ஆகிய ஆண்டுகளில் ஏரியில் தீயே மூண்டது. 2018 ஜனவரியில் அதனை அணைக்கப் படைவீரர்களும் உதவ நேர்ந்தது.

கேடு நகர எல்லையோடு நிற்பதில்லை. பெல்லந்தூரின் நீர் வர்த்தூர் ஏரி வழியே தென்பெண்ணையை அடைந்து, ஒசூர் அருகே கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. அங்கும் நுரை பொங்குகிறது. அந்நீரை நம்பிப் பயிரிடுவோர் அல்லலுறுகின்றனர். மேற்கே, விருஷபாவதி சுமக்கும் கழிவு அர்க்காவதி வழியே காவிரியில் சேர்கிறது.

சட்டமும் நடைமுறையும்

1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தைத் தொடக்கத்திலேயே ஏற்ற மாநிலங்களுள் கர்நாடகமும் ஒன்று. அவ்வாண்டே அங்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அமைந்தது. காற்று மாசுச் சட்டம் 1981இலும், சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் 1986இலும் வந்தன. எனினும் ஓர் இடர்ப்பாடு உண்டு. விதியை மீறும் ஆலையை மூட ஆணையிடலாம். நகரத்தை மூட இயலாது. இங்கு கழிவைச் சுத்திகரிக்க வேண்டிய பொறுப்பு அரசு அமைப்புகளுடையதே. எனவேதான் 2018 டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், ஏரிச் சீரமைப்புக்கென 500 கோடி ரூபாயைத் தனியே ஒதுக்குமாறு மாநில அரசைப் பணித்தது.

செய்ய வேண்டுவன

கழிவு நீர் பயனற்றதன்று. 2018 முதல், சுத்திகரித்த நீர் வறட்சிமிக்க கோலார் மாவட்ட ஏரிகளுக்கு அனுப்பப்பட்டு, நிலத்தடி நீர் வளம் பெருக்கப்படுகிறது. நாளொன்றுக்கு 44 கோடி லிட்டர் வழங்குவது திட்டத்தின் இலக்கு. ஆயினும் இரண்டாம் நிலைச் சுத்திகரிப்பில் நைட்ரஜனும் பாஸ்பரசும் முற்றிலும் நீங்குவதில்லை. ஆதலால் நீரின் தரத்தை இடைவிடாது ஆய்ந்து, முடிவுகளை மக்களுக்கு அறிவித்தல் இன்றியமையாதது.

வண்டலை அகற்றுவதும் செடிகளை வாருவதும் தேவையே. ஆனால் மேலேயுள்ள கால்வாயில் கழிவு வந்துகொண்டிருக்கும் வரை அவை நிலைத்த பயன் தரா. குடிநீர்த் திட்டம் வகுக்கும்போதே, அந்நீர் கழிவாகித் திரும்பும் வழியையும் வகுத்தல் வேண்டும். ஏரியைக் காக்கும் பணி ஏரிக்கரையில் அன்று, வீட்டின் சாக்கடைக் குழாயிலேயே தொடங்குகிறது.