மந்திரச் சிறுமிக்கு 48 மணி நேரம்: வீட்டில் கேம் செய்யும் பிள்ளைகளுக்குப் பயனுள்ள குறிப்புகள்

ஆனியில் சாரல் பிடித்துவிட்டால் தென்காசிப் பக்கத்து அச்சன்புதூரில் பிள்ளைகளுக்கு வெளியே விளையாட வழியில்லை. மேற்கே மலை மேகத்துக்குள் போய்விடும். தெருவில் சொதசொதவென்று ஈரம். போன சாரலில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகளும், கல்லூரியில் படிக்கும் என் அண்ணன் மகளும் சேர்ந்து ஒரு கேம் ஜாமுக்குப் பெயர் கொடுத்தார்கள். குறித்த நேரத்துக்குள் ஒரு கணினி விளையாட்டைப் புதிதாகச் செய்து இணையத்தில் ஏற்றுவதுதான் கேம் ஜாம். 2009இல் தொடங்கிய குளோபல் கேம் ஜாம் 48 மணி நேரக் கணக்கில் ஆரம்பித்தது. 2002 முதல் நடந்துவரும் லூடம் டேரில் தனி ஆளுக்கு 48, குழுவுக்கு 72 மணி நேரம் என்பது வழக்கம். எங்கள் பிள்ளைகளுக்கு வந்த தலைப்பு ‘மந்திரச் சிறுமி’. அந்த இரண்டு நாளில் கணினிப் பக்கமும் அடுப்பங்கரைப் பக்கமும் நாங்கள் கற்றுக்கொண்டதை வரிசையாகத் தருகிறேன்.

1. முதலில் இந்த வகைக் கதையின் எலும்பைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஜப்பானியத் தொலைக்காட்சியில் 1966இல் சாலி என்ற சின்ன மந்திரக்காரி வந்தாள். 1992இல் வந்த ‘செய்லர் மூன்’ தொடர் இந்த வகையை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. அதன் நாயகி உசாகிக்கு 14 வயது. பள்ளிக்குத் தாமதமாக ஓடுவாள், பரீட்சையில் மார்க் வாங்க மாட்டாள், சின்னதுக்கும் அழுவாள். அப்படிப்பட்ட பிள்ளை உருமாறி ஊரைக் காப்பாற்றுவதால்தான் பார்க்கிறவர்களுக்கு அவள் மேல் ஒட்டுதல் வருகிறது. ஆகவே எடுத்த எடுப்பிலேயே சண்டையை வைக்காதீர்கள். இரட்டைச் சடை, ரிப்பன், தண்ணீர் பாட்டில், முடிக்காத வீட்டுப்பாடம் என்று ஒரு நிமிஷமாவது அவளுடைய சாதாரண நாளைக் காட்டுங்கள்.

2. மந்திரம் ஒன்றே ஒன்று போதும். எங்கள் பிள்ளைகள் முதல் மூன்று மணி நேரத்தில் நெருப்பு, பறத்தல், மறைதல், நேரத்தை நிறுத்துதல் என்று பதினொரு மந்திரம் எழுதி வைத்தார்கள். பதினொன்றையும் செய்ய 48 நாள் வேண்டும். அன்று மாலை ஆச்சி ஈர வாசலில் கோலம் போடும்போது மகள் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள். “ஏட்டி, சும்மா நிக்காத. கைய எடுக்காம இழு பாப்போம்” என்று ஆச்சி மாவுக் கிண்ணத்தை நீட்ட, அங்கேயே முடிவாகிவிட்டது. அவர்கள் விளையாட்டில் மந்திரம் என்றால் சிக்குக் கோலம். புள்ளிகள் திரையில் வரும்; விரலை எடுக்காமல் எல்லாப் புள்ளியையும் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்ந்தால் கோலம் ஒளிரும், காவல் எழும். வீட்டில் தினமும் நடக்கிற ஒரு காரியத்தை எடுத்தால், விளையாடக் கற்றுக்கொடுக்கவும் பக்கம் பக்கமாக எழுத வேண்டாம்.

3. கோலத்தை விளையாட்டாக்க விரும்புகிறவர்களுக்கு அதன் கணக்கு கைகொடுக்கும். நேர்ப்புள்ளியில் 1-3-1 வைத்தால் 5 புள்ளி. 1-3-5-3-1 வைத்தால் 13. இன்னும் ஒரு படி ஏறினால் 25. இந்த மூன்றே மூன்று கட்டங்கள்தான் எங்கள் விளையாட்டில். கோடு தன்னைத்தானே குறுக்கே வெட்டலாம், ஆனால் போன கோட்டின் மேலேயே மறுபடி போகக் கூடாது என்பது ஆச்சி சொன்ன விதி. நிரலில் அதை எழுதுவது எளிது. ஒவ்வொரு சின்னக் கோட்டுத் துண்டுக்கும் ஒரு எண் கொடுத்து, விரல் கடந்ததும் ‘ஆயிற்று’ என்று குறித்துக்கொண்டே வந்தால் சரி. எல்லாத் துண்டும் குறிக்கப்பட்டு, விரல் முதல் இடத்துக்கு வந்திருந்தால் வெற்றி. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் ஆகியோர் 1974இலேயே கோலங்களைக் கணினி இலக்கண விதிகளாக எழுதி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். வாசல் கோலத்துக்கும் கணினிக்கும் உள்ள உறவு பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள் பிறந்த காலத்துக்கும் முந்தியது. இதைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். கோலம் போடுவதை அவர்கள் பார்க்கும் பார்வையே மாறும்.

4. படம் வரையத் தெரியவில்லையே என்று கவலை வேண்டாம். கோலத்தையே போனில் படம் பிடிக்கலாம். சாரல் விழும்போது வாசலில் மாவு நிற்காது. புள்ளி வைத்து முடிப்பதற்குள் முதல் புள்ளி கரைந்துவிடும். பழைய சிலேட்டை ஈரத் துணியால் நன்றாகத் துடைத்து, காய்ந்த பிறகு சாக்பீஸால் போடுங்கள். ஜன்னல் ஓரம் தரையில் வைத்து, நேர் மேலே இருந்து படம் எடுங்கள். குழல்விளக்குக்கு நேர் கீழே வைத்தால் போன் நிழல் நடுவில் விழும். கறுப்புத் தரையில் வெள்ளைக் கோடு இருப்பதால் பின்னணியை நீக்குவது ஒரு நொடி வேலை. சாக்பீஸ் கோட்டின் அந்தச் சொரசொரப்பு கணினியில் எவ்வளவு மெனக்கெட்டாலும் வராது. எங்கள் விளையாட்டைப் பார்த்தவர்கள் முதலில் கேட்டது அந்தக் கோட்டைப் பற்றித்தான்.

5. உருமாற்றக் காட்சிக்கு நேரம் ஒதுக்குங்கள். இந்த வகை விளையாட்டுக்கு அதுதான் உயிர். பழைய ஜப்பானியத் தொடர்களில் உருமாற்றத்தை ஒரே ஒருமுறை அழகாக வரைந்து, வாரா வாரம் அதையே திரும்பப் போட்டார்கள். செலவும் மிச்சம், பார்க்கிற பிள்ளைகளுக்கும் அது எப்போது வரும் என்ற ஆவல். அந்த வழி ஜாமுக்கு அப்படியே பொருந்தும். எட்டுப் படம் போதும். முதல் தடவை முழுதாக ஓடட்டும். அடுத்த தடவையிலிருந்து தொட்டால் தாண்டிப் போகிற மாதிரி வையுங்கள்.

உருமாற்றம் எப்படி இருக்க வேண்டும் என்று பார்க்க நமக்கு ஜப்பான் வரை போக வேண்டியதில்லை. குலசேகரன்பட்டினம் தசராவுக்கு நம் பக்கத்திலிருந்து விரதம் இருந்து வேடம் போட்டுப் போகிறவர்களைப் பாருங்கள். நேற்றுவரை கடையில் சாமான் கட்டிக் கொடுத்தவருக்கு, காளி வேடம் கட்டிக் கிரீடம் வைத்ததும் நடையே வேறாகிவிடும். முகத்துக்குச் சாயம், பிறகு சடைமுடி, பிறகு கிரீடம், கடைசியில் கையில் ஆயுதம் என்று ஒவ்வொன்றாக ஏறும். என் மகள் எட்டுப் படத்தையும் அந்த வரிசையில்தான் போட்டாள். ரிப்பன் அவிழும், சடை பறக்கும், சீருடை ஓரத்தில் கோலக் கோடு ஏறும், நெற்றியில் பொட்டு விழும்.

6. பெற்றோருக்கு ஒரு வார்த்தை. இந்த வகைப் படங்கள் சிலவற்றில் சிறுமியின் உடையைக் குறைத்துக் காட்டும் கெட்ட பழக்கம் உண்டு. பிள்ளைகள் மாதிரிப் படம் தேடும்போது பக்கத்தில் இருங்கள். ஓடவும் குதிக்கவும் தோதான பாவாடை சட்டை, சுடிதார், பர்தா, சீருடை எதுவும் நாயகிக்கு அழகுதான். எங்கள் ஊர்த் தெருவில் நடக்கிற எல்லா வீட்டுப் பிள்ளையும் அந்தச் சிறுமியில் தன்னைப் பார்க்க வேண்டும்.

7. மந்திரக்கோல் தேடுகிறீர்களா? தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே இருக்கும் மேலகரத்தில் பிறந்தவர் திரிகூடராசப்பக் கவிராயர். அவருடைய குற்றாலக் குறவஞ்சியில் குறி சொல்ல வரும் குறத்தியை நினைத்துப் பாருங்கள். குறவஞ்சிக் குறத்தி என்றாலே கையில் மாத்திரைக்கோல்தான். நட்சத்திரம் ஒட்டிய இளஞ்சிவப்புக் கோலைவிட எனக்கு அது நூறு மடங்கு பிடிக்கும். புனேயின் நோடிங் ஹெட்ஸ் நிறுவனம் 2020இல் வெளியிட்ட ‘ராஜி’ விளையாட்டில், தம்பியைத் தேடிப் போகும் பெண்ணுக்குத் துர்க்கையின் திரிசூலம் கிடைக்கிறது. உலகம் முழுக்க விளையாடினார்கள்.

8. பகைவனுக்கு ஒரே உடம்பு, பல தலை. இதுவும் குலசேகரன்பட்டினம் கொடுத்த பாடம். சூரசம்ஹாரத்தன்று மகிஷாசூரன் முதலில் தன் முகத்தோடு வருவான், பிறகு சிங்க முகம், எருமை முகம், சேவல் என்று மாறி மாறி வருவான். விளையாட்டில் உடம்பை ஒருமுறை வரைந்துவிட்டுத் தலையை மட்டும் மாற்றினால் பகைவர் வரிசை தயார். பிள்ளைகள் கரண்ட் கம்பியில் சிக்கிய காற்றாடிப் பூதம் ஒன்றை வைத்துக்கொண்டு, தலைக்கு மட்டும் ஓலை, குடை, பிளாஸ்டிக் பை என்று மாற்றினார்கள்.

9. தமிழ் எழுத்தை முதல் மணி நேரத்திலேயே சோதித்துவிடுங்கள். கடைசி நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் கண்ணீர்தான். ‘கொ’, ‘கோ’, ‘கௌ’ மூன்றையும் அடித்துத் திரையில் பாருங்கள். கொம்பு இடம் மாறி எழுத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்தால், அந்த மென்பொருளுக்கு நம் எழுத்தைக் கோக்கத் தெரியவில்லை என்று அர்த்தம். விளையாட்டு செய்ய இலவசமாகக் கிடைக்கும் கோடோ என்ற மென்பொருள் 2023 மார்ச்சில் வந்த 4ஆம் பதிப்பிலிருந்து தமிழைச் சரியாகக் காட்டுகிறது. பழைய 3ஆம் பதிப்பு காட்டாது. பழைய லேப்டாப்பாக இருந்தாலோ, உலாவியில் ஓட வேண்டும் என்றாலோ, தொடங்கும்போதே ‘கம்பாட்டிபிலிட்டி’ முறையைத் தேர்ந்தெடுங்கள். இன்னொன்று, எழுத்துருக் கோப்பை விளையாட்டுக்குள்ளேயே வைக்க வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் கணினியில் நன்றாகத் தெரிந்த தமிழ் உலாவியில் வெறும் கட்டங்களாக நிற்கும். பலூ தம்பி, மீரா இனிமை, நோட்டோ சான்ஸ் தமிழ் மூன்றும் இலவசம். சிறுவர் விளையாட்டுக்குப் பலூ தம்பியின் குண்டு எழுத்து பாந்தமாக இருக்கிறது.

10. ஓசைக்குப் பணம் செலவழிக்காதீர்கள். கொலுசு, மாவு சலிக்கும் சத்தம், ஓட்டின் மேல் சாரல், வாய்க்காலில் தண்ணீர் எல்லாவற்றையும் போனில் பதியலாம். மைக் துளையின் மேல் கைக்குட்டையை ஒரு மடிப்பு போட்டுப் பிடித்தால் காற்று இரைச்சல் அடங்கும். அருவிக்குப் பக்கத்தில் போய்ப் பதிந்தால் வெறும் இரைச்சல்தான் கேட்கும். தள்ளி நின்று பதியுங்கள். குதிப்பது, அடிபடுவது போன்ற சின்ன ஓசைகளுக்கு எஸ்எஃப்எக்ஸ்ஆர் என்ற இலவச மென்பொருள் உண்டு. 2007இல் ஒரு லூடம் டேர் போட்டிக்காரர்களுக்கென்றே செய்யப்பட்டது அது.

11. சாரல் காற்றில் தென்னை மட்டை கம்பியில் விழுந்தால் கரண்ட் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. போன தடவை நாலு மணி நேர வேலை அப்படியே போனது. அண்ணன் மகள் அழுதேவிட்டாள். அதற்குப் பிறகு சமையலறைக் கடிகாரம் மணி அடிக்கும்போதெல்லாம் வேலையைச் சேமித்து, பென் டிரைவில் புதிதாக ஒரு பிரதி. பழைய பிரதியின் மேல் எழுதக் கூடாது. கோப்பின் பெயரோடு மணியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

12. சாப்பாட்டுக்குக் கூட்டாஞ்சோறு வையுங்கள். அரிசி, துவரம்பருப்பு, கத்திரிக்காய், வாழைக்காய், முருங்கைக்கீரை எல்லாம் ஒரே பானையில் முடிந்துவிடும். ஒரு கையால் ஸ்பூனில் சாப்பிடலாம். ராத்திரி பதினொரு மணிக்குப் படுக்கச் சொல்லுங்கள். தூங்காமல் எழுதிய நிரலைச் சரிசெய்யக் காலையில் இரண்டு பங்கு நேரம் போகும்.

13. பாதி நாள் மீதி இருக்கும்போதே பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டு விளையாடக் கொடுங்கள். வாயைத் திறக்காதீர்கள். அது எங்கே முழிக்கிறதோ அங்கே உங்கள் விளையாட்டில் குறை. எங்களிடம் வந்த ஆறு வயதுப் பையன் கோலத்தை எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் நின்றான். தொடக்கப் புள்ளியை மினுங்க வைத்ததும் சரியாகிவிட்டது.

14. சின்ன விளையாட்டு என்று கூச்சப்பட வேண்டாம். டொராண்டோவில் தமிழர் ஒருவர் தலைமையில் சின்னக் குழு செய்த ‘வெண்பா’ 2023இல் வந்தது. அம்மாவின் கிழிந்த சமையல் குறிப்பேட்டைப் பார்த்து இட்லியும் புட்டும் செய்வதுதான் விளையாட்டு. ஒரே உட்காரலில் முடித்துவிடலாம். 2024இல் அதற்கு பாஃப்டா விருது கிடைத்தது.

15. கடைசி நேரத்தை நம் நேரத்துக்கு மாற்றிச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். உலக நேரப்படி இரவு 11.59 என்றால் நமக்கு மறுநாள் விடிகாலை 5.29. இட்ச் என்ற விளையாட்டுத் தளத்தில் உலாவி விளையாட்டை ஏற்றும்போது, ஜிப் கோப்புக்குள் முதல் பக்கத்தின் பெயர் ‘இண்டெக்ஸ்.எச்டிஎம்எல்’ என்று சிறிய ஆங்கில எழுத்தில் இருக்க வேண்டும். இரண்டு மணி நேரம் முன்பே ஒருமுறை ஏற்றிப் பார்த்துவிடுங்கள்.

16. முடிவில் ஓடும் பெயர்ப் பட்டியலில் நிரல், படம், ஓசை என்று எழுதுவோம். எங்கள் பிள்ளைகள் முதல் வரியாக ‘கோலம்’ என்று போட்டு ஆச்சியின் முழுப் பெயரை எழுதினார்கள். எழுபது வருஷமாக வாசலில் போட்டதற்கு முதல் தடவையாக ஆச்சி பெயர் எழுத்தில் வந்தது. உங்கள் வீட்டிலும் யாரிடம் வாங்கினீர்களோ அவர் பெயரை மறக்காமல் போடுங்கள்.