இடக்கை வென்ற இசை

கருவி இசையில் வல்லார் ஒருவரை அவையிற் காணுங்கால், அவர்தம் விரல்கள் தாமாகவே ஓடி விளையாடுவன போலத் தோன்றும். காண்பார்க்கு எளிதாகத் தோன்றும் அவ்வோட்டத்தின் பின்னே எத்துணை உழைப்பு மறைந்து கிடக்கின்றது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அரங்கில் ஒலிப்பது சிறிது நேர இசை. அதனை ஆக்கியதோ பல திங்கள் தனிமையிற் செய்த பயிற்சி. இவ்வுண்மையை விளக்குதற்கு ஐரோப்பிய இசைவாணர் ஒருவர்தம் வரலாறு பெரிதும் துணை செய்யும். அவர் வலக்கையை இழந்தவர். ஆயினும், இரு கை உடையாரும் அஞ்சத்தக்க இசைப்படைப்பு ஒன்றை இடக்கை ஒன்றாலேயே பயின்று அரங்கேற்றியவர். அவர் பெயர் பால் விட்கன்ஸ்டைன்.

பால் விட்கன்ஸ்டைன் 1887ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 5ஆம் நாள் வியன்னா நகரிற் பிறந்தார். தந்தையார் கார்ல் என்பார் எஃகுத் தொழிலிற் பெரும்பொருள் ஈட்டிய செல்வர். பிற்காலத்தில் மெய்யியலறிஞராக உலகப் புகழ் பெற்ற லுட்விக் விட்கன்ஸ்டைன் இவர்தம் இளவல் ஆவார். பிராம்ஸ் முதலாய இசைப் பேராசான்கள் வந்து போகும் இல்லமாக அவர்தம் மாளிகை விளங்கிற்று. பால் இளமையிலேயே பியானோ இசையில் வேட்கை மிக்கவராய், லெஷெடிட்ஸ்கி என்னும் நல்லாசிரியரிடம் பயின்றார். கண்பார்வையற்ற இசைப்புலவராகிய யோசப் லாபோரையும் ஆசிரியராகக் கொண்டார். 1913ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் வியன்னாவில் அவர்தம் அரங்கேற்றம் நிகழ்ந்தது. அப்பொழுது அவருக்கு வயது 26.

மறு ஆண்டே முதல் உலகப்போர் மூண்டது. பால் ஆஸ்திரியப் படையிற் பணியாற்றப் போந்தார். 1914 ஆகஸ்டில் பகைவர்தம் குண்டு அவருடைய வலது முழங்கையைத் தாக்கியது. உயிரைக் காத்தற்பொருட்டு மருத்துவர் வலக்கையைத் துணித்தனர். அந்நிலையிலேயே அவர் உருசியரிடம் சிறைப்பட்டுச் சைபீரியாவில் உள்ள ஓம்ஸ்க் நகரிற் கொண்டுபோய் வைக்கப்பட்டார். இசையே வாழ்வெனக் கொண்டவர்க்கு இதனினும் கொடிய இடுக்கண் வேறென்ன வேண்டும்?

பால் இடுக்கண் கண்டு அழிந்தாரல்லர். சிறையிடத்தே பியானோ இல்லை. மரப்பெட்டி ஒன்றன்மீது கரித்துண்டால் பியானோவின் கட்டைகளை வரைந்துகொண்டார். ஒலியெழாத அக்கட்டைகளின்மீது இடக்கை விரல்களை நாள்தோறும் ஓட்டினார். இரு கைகளுக்கென எழுதப்பட்ட இசையை ஒரு கையால் எவ்வாறு இசைக்கலாம் என்பதே அவர்தம் ஆராய்ச்சி. செவிக்கு எட்டாத இசை அவர்தம் உள்ளத்தில் ஒலித்தது. இடக்கைக்கென்றே ஓர் இசைப்படைப்பு இயற்றித் தருமாறு தம் ஆசிரியர் லாபோருக்குச் செய்தி அனுப்பினார். அச்செய்தி கிடைக்குமுன்னரே ஆசிரியர் அதனை இயற்றத் தொடங்கியிருந்தார். மாணவன் உள்ளம் அறிந்த ஆசிரியர் அவர்!

ஒற்றைக் கையாற் பியானோ இசைத்தலின் அருமையை உணரவேண்டுமாயின், அக்கருவியின் அமைப்பைச் சிறிது அறிதல் வேண்டும். வீணையைப் போல நரம்பை விரலால் மீட்டும் கருவியன்று பியானோ. கட்டை ஒன்றை விரலால் அழுத்தியவுடன், உள்ளே ஒரு சிறு சுத்தியல் எழுந்து எஃகு நரம்பைத் தாக்கும், ஒலி பிறக்கும். விரலை எடுத்தவுடன் கம்பளித் துண்டு ஒன்று நரம்பின்மேற் படிந்து ஒலியை அடக்கும். கருவியில் வெண்கட்டைகள் 52, கருங்கட்டைகள் 36, ஆக 88 கட்டைகள் உள்ளன. அவை ஏறக்குறைய நான்கடி நீளம் பரந்து கிடக்கும். இடக்கோடியில் மெலிவும் வலக்கோடியில் வலிவும் ஒலிக்கும். பெரும்பாலும் வலக்கை பண்ணை இசைக்க, இடக்கை அதற்கு அடித்தளமாகிய ஒலிகளை எழுப்பும். இவ்விருவகைத் தொழிலையும் ஐந்து விரல்களே செய்யவேண்டுமாயின் என்னாகும்? கை நொடிக்குள் ஒரு கோடியினின்று மறு கோடிக்குத் தாவவேண்டும். தாவும்போது முன்னர் எழுப்பிய ஒலியும் அறுந்து போதல் கூடாது.

இங்கே துணை நிற்பது கால். கருவியின் அடியில் உள்ள மிதிகட்டையை மிதித்தால், ஒலியை அடக்கும் கம்பளித் துண்டுகள் நரம்பைவிட்டு மேலெழும். கை விட்ட ஒலியும் நின்று ஒலிக்கும். அதற்குள் கை வேறிடம் சென்று பண்ணைத் தொடரலாம். ஆனால், மிதியை எடுக்கும் காலம் சிறிது பிழைத்தாலும் ஒலிகள் ஒன்றோடொன்று கலங்கிக் குழம்பும். மற்றொரு நலமும் உண்டு. இடக்கையின் கட்டைவிரல் வலப்புறம், அஃதாவது மேலொலி உள்ள பக்கம், அமைந்தது. ஆதலின், பண்ணை எடுத்து இசைக்கும் பொறுப்பு வலிய கட்டைவிரலுக்கு வாய்க்கின்றது. வலக்கையிலோ அப்பொறுப்பு மெலிந்த சிறுவிரலைச் சார்வது பெரும்பான்மை. குறையென்று உலகம் கருதியதனுள்ளும் ஒரு நிறை மறைந்திருந்தது.

கைதிகள் மாற்று முறையால் 1915இன் இறுதியில் பால் தாயகம் திரும்பினார். இடைவிடாது பயின்றார். 1916 டிசம்பரில் லாபோர் இயற்றிய படைப்பை வியன்னாவில் இசைத்து மீண்டும் அரங்கேறினார். பின்னர், தம் செல்வத்தைக் கொண்டு சிறந்த இசைப்புலவர் பலரிடம் இடக்கைக்குரிய படைப்புகளை வேண்டிப் பெற்றார். கோர்ன்கோல்ட், ஷ்மிட், ரிச்சர்டு ஸ்ட்ராஸ் முதலியோர் அவருக்கென இயற்றினர். எனினும், அவற்றுள் எல்லாம் தலைசிறந்ததாகப் போற்றப்படுவது பிரெஞ்சு நாட்டு மோரிஸ் ரவேல் இயற்றிய 'இடக்கைக் கன்செர்டோ' ஆகும்.

கன்செர்டோ என்பது தனிக்கருவி ஒன்றும் பல்லியமும் கூடியும் எதிர்நின்றும் இசைக்கும் படைப்பு. அது பெரும்பாலும் மூன்று பகுதிகளாக நடக்கும். ரவேலின் படைப்போ இடையறாத ஒரே பகுதியாக ஏறக்குறைய 19 நிமிடம் ஓடுவது. 1929இல் தொடங்கி 1930இல் அதனை அவர் இயற்றி முடித்தார். கேட்பார் இஃது ஒரு கையால் இசைக்கப்படுவது என்று உணராதபடி இசை நிறைந்திருத்தல் வேண்டும் என்பது அவர்தம் நோக்கம்.

படைப்பை முதன்முதற் கேட்டபொழுது பால் அதில் ஈடுபட்டாரல்லர். ரவேல் பியானோ வாசிப்பில் அத்துணை வல்லவரல்லர். தனிக்கருவியின் பகுதியை இரு கைகளாலேயே வாசித்துக் காட்டினார். தொடக்கத்தில் பல்லியம் ஓய, பியானோ மட்டும் நெடுநேரம் தனித்து ஒலிப்பது பாலுக்குப் பிடிக்கவில்லை. மாற்றுமாறு வேண்டினார், ரவேல் உடன்படவில்லை. எனினும், பால் அதனை ஒதுக்கிவிடவில்லை. பல திங்கள் அமர்ந்து பயின்றார். பயிலப் பயில அதன் பெருமை அவருக்குப் புலனாயிற்று. நெடுநாள் ஆய்ந்த பின்னரே தாம் அதில் உள்ளம் பறிகொடுத்ததாக அவரே பிற்காலத்திற் கூறினார். அரிய நூலின் சுவை முதற்படிப்பில் தோன்றாது, மீண்டும் மீண்டும் கற்பார்க்கே வெளிப்படுதல் போல்வது இது.

அப்படைப்பைப் பயில்வார்க்கு எதிர்ப்படும் இடர்கள் பல. முதலிற் பல்லியத்தின் அடித்தள ஒலிகள் இருளில் எழும் முழக்கம் போல மெல்லத் தொடங்கிப் பெருகும். பின்னர்ப் பியானோ தனித்துப் புகுந்து, கருவியின் பெரும்பரப்பை ஒரு கையால் அளக்கும். இடையில் விரைந்த நடை ஒன்று வரும். அதில் அமெரிக்க ஜாஸ் இசையின் சாயலும் படைநடையின் தாளமும் விரவும். முடிவில் மீண்டும் நெடிய தனியிசை. அங்கே கட்டைவிரல் பண்ணைப் பாட, ஏனைய விரல்கள் அலைபோல் ஓயாது ஓடவேண்டும். கையோ களைத்திருக்கும், மாற்றி ஓய்வு கொள்ள மற்றொரு கை இல்லை.

இத்தகைய படைப்பை வல்லார் பயிலும் முறை நாம் அனைவரும் அறியத்தக்கது. முதற்கண், கருவியைத் தொடாமலே இசைக்குறியீட்டை ஊன்றிப் படிப்பர். எங்கே பண் பிறக்கின்றது, எங்கே திரும்புகின்றது, எங்கே முடிகின்றது எனக் கண்டறிவர். அடுத்து, எந்த ஒலிக்கு எந்த விரல் எனத் துணிவர். இத்துணிவு பிழைபடின், மெல்ல வாசிக்குங்கால் தோன்றாத தடை, விரைந்து வாசிக்குங்கால் வந்து நிற்கும். பின்னர், முழுமையையும் ஒருங்கே எடுத்துக்கொள்ளாது, சிறு சிறு பகுதிகளாக மிக மெதுவாகப் பயில்வர். பிழையோடு பன்முறை வாசித்தால் பிழையே கையிற் படியுமாதலின், பிழையின்றி வாசிக்கத்தக்க அளவிற்கே விரைவை மேற்கொள்வர். அது கைவந்த பின்னரே சிறிது சிறிதாக விரைவைக் கூட்டுவர். பகுதிகள் தனித்தனியே கைவந்தபின் அவற்றை இணைப்பர். இணைப்பிடங்களிலேயே தடுமாற்றம் மிகுதலின் அவ்விடங்களைத் தனியே எடுத்துப் பயில்வர். விரலின் பழக்கத்தை மட்டும் நம்பாது, எவ்விடத்திலிருந்தும் தொடங்க வல்லராமாறு உள்ளத்திலும் பதிப்பர். இறுதியாகப் பல்லியத்தோடு கூடி, பிறர் ஒலிக்குச் செவி கொடுத்துத் தம் ஒலியை அளவுபடுத்துவர்.

1932ஆம் ஆண்டு சனவரி 5ஆம் நாள், இராபர்ட் ஹேகர் என்பார் பல்லியத்தை நடத்த, பால் அப்படைப்பை வியன்னாவில் முதன்முதல் அரங்கேற்றினார். எனினும், ஒன்றை மறைத்தல் ஆகாது. அவர் சில இடங்களைத் தம் விருப்பின்படி மாற்றி வாசித்தார். அதனைக் கேட்ட ரவேல் சினந்தார், நட்பு குலைந்தது. இசைப்போர் அடிமைகள் அல்லர் என்பது பாலின் கருத்து. அடிமைகளே என்பது ரவேலின் விடை. ஒரு நூலுக்கு உரை காண்பவர் தம் புலமையை உரையிற் காட்டலாம். மூலத்தைத் திருத்துதல் முறையாகாது. பாலின் உழைப்பு போற்றத்தக்கது, இச்செயல் போற்றத்தக்கதன்று. பெரியோர்பால் கொள்ளத்தக்கதைக் கொண்டு, தள்ளத்தக்கதைத் தள்ளுதல் மாணவர் கடன்.

1938இல் ஆஸ்திரியா நாத்சியர் கைப்பட்டது. யூதர் வழிவந்தவர் என்னும் காரணத்தால் பால் அந்நாட்டில் வாழ இயலாதாயிற்று. அமெரிக்கா சென்று குடியேறினார். அங்கே மாணவர்க்குப் பயிற்றினார். 1957இல் தம் பட்டறிவைத் தொகுத்து, இடக்கைப் பயிற்சிக்கென மூன்று தொகுதிகளாக நூல் வெளியிட்டார். 1961 மார்ச்சு 3ஆம் நாள் இவ்வுலக வாழ்வை நீத்தார். அவர் தேடிப் பெற்ற படைப்புகளோ பிறருக்கு வாழ்வளித்தன. 1960களின் இடையில் வலக்கை விரல்கள் செயலிழந்த அமெரிக்க இசைவாணர் லியோன் பிளைஷர், ரவேலின் அப்படைப்பை இசைத்து அரங்கில் நிலைபெற்றார்.

ஒருவர் தம் துன்பத்தினூடே வெட்டிய வழி, பின்வருவார் பலர்க்கும் பொதுவழி ஆகின்றது. பாலுக்கு வாய்த்தது ஒரு கை. அவரிடம் இருந்தது ஒலியில்லாத ஒரு மரப்பெட்டி. அங்கேயும் அவர் பயிற்சியை நிறுத்தவில்லை. கருவி இல்லை, காலம் இல்லை, வசதி இல்லை என்று கல்வியைத் தள்ளிப்போட எண்ணும் போதெல்லாம், கரியால் வரைந்த அக்கட்டைகளை நினைவு கூர்வோமாக.